ஊதா நூலில் கட்டிய சாம்பார்

ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் எங்கள் மெஸ் இருக்கிறது. ஆறு மேசை, ஒரு சமையல்கட்டு, பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி. சமையல் என் மனைவியின் பொறுப்பு. பரிமாறுவது, காய் வாங்குவது, பார்சல் கட்டுவது என் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் சேலம். என் அப்பா தறி ஓட்டியவர். அவர் தறியை நிறுத்தியபோது ஒரு சாக்கு நிறைய நூல் மிஞ்சியது. எல்லாம் ஒரே ஊதா நிறம். யாரோ சேலைக்குச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றதால் தங்கிப்போனது. மெஸ் ஆரம்பித்தபோது அந்தச் சாக்கை அப்படியே மலைக்குக் கொண்டு வந்தேன். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றையும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, வாயை முறுக்கி, அந்த நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுவேன். மற்ற கடைகளில் ரப்பர் பேண்டு போடுவார்கள், இல்லையென்றால் வெள்ளை நூல். என் கட்டு சேலம் போய்ச் சேரும்வரை ஒழுகாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தது எனக்குத் தெரியும். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துத்தான் பயன்படுத்தினேன். சனி, ஞாயிறுகளில் மலைக்கு வருகிறவர்கள் பார்சலை வாங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு வளைவில் காரை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். எங்கள் சாப்பாடு அத்தனை அழகான இடத்தில் சாப்பிடப்படுகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகு பைகள் எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

காய்களும் அப்படித்தான். வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் கீழே இறங்கி, சேலம் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காலிபிளவர், கத்தரிக்காய், சௌசௌ என்று மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவேன். வருஷம் முழுக்க எங்கள் இலையில் ஒரே பொரியல்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மழைக்காலத்தில், புதன்கிழமை என்று ஞாபகம், காலை டிபன் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் போர்த்தியிருந்த துண்டு நனைந்திருந்தது. கையில் ஓர் உரச்சாக்கு. நான் இலை எடுக்கப் போனேன்.

"சாப்பிட வரலீங்க," என்றார். சாக்குக்குள் கையை விட்டு எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார்.

கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் பைகள். தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று முறுக்கி, கை மொத்தத்துக்குக் கயிறு திரித்தது போல இருந்தன. அந்த முறுக்கலுக்குள் அங்கங்கே ஊதா நிறம் தெரிந்தது. சாயம் மங்கியிருந்தது, ஆனால் நாலு சுற்றுக் கட்டு அவிழவே இல்லை.

"இந்த நூலு உங்க கடையுதுங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"எங்க மாடு செத்துப்போச்சுங்க. நாலு நாளா திங்கல, சாணி போடல. வயிறு ஊதிப்போச்சு. டாக்டரு வந்து ஊசி போட்டும் நிக்கல. அப்புறம் அறுத்துப் பாத்தாருங்க. ஒரு கூடை நெறைய இதுதான் இருந்துச்சு. எல்லாம் ஒரே கடையுதுன்னு சொல்லலீங்க. ஆனா இந்த நூலு கட்டுனது நெறைய கெடக்குது. அதான் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒவ்வொரு கடையா காட்டிக்கிட்டு வாரன்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது எங்கயுமே கெடைக்கிற நூலுங்க," என்றேன். வாய் அத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டது. நூல் சாக்கு எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்தது.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எங்களுதுதானுங்கக்கா," என்றாள்.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவார், சத்தம் போடுவார், ஆள் கூடும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார். ஊர் செம்மநத்தம். வீட்டுக்குக் கொஞ்சம் மேலே ரோட்டில் ஒரு வளைவு. அங்கே பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்பதால் கார்கள் நிற்கும். மாட்டை அந்த ரோட்டோரப் புல்லில்தான் தினமும் கட்டுவது.

"சாம்பாரு, உப்பு வாசம் பாருங்க. அதுக்கு ஆசப்பட்டு கவரோட தின்னுபோடுது. நானும் பொறுக்கித்தான் பாத்தன். வாரா வாரம் வந்து போட்டுட்டுப் போனா எத்தனதான் பொறுக்கறது? கன்னுக்குட்டிக்கு மூணு மாசம்தானுங்க ஆச்சு. பால மறக்கவே இல்ல."

வேறொரு மாடு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது எந்த யோசனையும் இல்லாமல், அந்த இடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த மாடும் அதே ரோட்டோரந்தானுங்க மேயோணும். கவர் கட்டறத நிறுத்துங்க. அது போதும்."

பைகளைத் திரும்பவும் சாக்கில் போட்டுக்கொண்டார். "ரப்பர் பேண்டு போட்டதும் கெடக்குதுங்க. இன்னும் ரெண்டு கடைக்குக் காட்டோணும்," என்று எழுந்து போனார்.

அன்று மத்தியானம் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை. உன்னை யார் ஒத்துக்கொள்ளச் சொன்னது என்று கேட்டேன். "அதக் கழுவி எடுத்துட்டு வந்திருக்காங்க. நீங்க எப்பிடித்தான் இல்லைன்னு சொன்னீங்களோ," என்றாள். அவள் அரிசி டின்னை நகர்த்தி, பைக் கட்டுகளை எல்லாம் எடுத்து ஒரு பெட்டியில் போட்டு வைத்தாள். இனிமேல் குழம்பு வேண்டுமென்றால் பாத்திரம் கொண்டு வரட்டும் என்றாள்.

"சனிக்கெழம என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"சனிக்கெழம பாத்துக்கலாம்."

சனிக்கிழமை வந்தது. வாழையிலையில் இட்லிக்கு எண்ணெயும் பொடியும் தடவிக் கட்டினோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கெட்டிச் சட்னி எல்லாம் இலைக்குள் அடங்கின. சாம்பாரும் ரசமும் அடங்கவில்லை. பத்துப் பேரில் ஆறு பேர் திரும்பிப் போனார்கள். பக்கத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. அங்கே தங்குகிறவர்களுக்கு வாரக் கடைசியில் சாப்பாடு எங்களிடமிருந்துதான் போகும். லாட்ஜ் மேனேஜரிடம் எவர்சில்வர் தூக்குகளில் தருகிறோம், மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "பாத்திரத்த யாருங்க கழுவறது?" என்று கேட்டார். அதற்கும் நானே வருகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு வேறு கடைக்கு மாறிக்கொண்டார். திரும்பி வரவேயில்லை. இப்போதும் ரோட்டில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அந்த வருஷம் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். காலையும் மத்தியானமும் மட்டும் என்று ஆனது. எனக்கு உள்ளுக்குள் கோபம் இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரத்திலேயே என் மனைவி செம்மநத்தம் போக வேண்டும் என்றாள். எனக்கு இஷ்டமில்லை. அவள் தனியாகப் போவது நன்றாக இருக்காது என்பதால் கூடப் போனேன். ஜீப்பில் பதினான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வளைவு வந்ததும் நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். புல்லில் பைகள் கிடந்தன. அவற்றில் எங்களுடையவையும் இருந்திருக்கும்.

அந்தப் பெண் கன்றுக்குட்டிக்கு ராகிக் கஞ்சி காட்டிக்கொண்டிருந்தார். அது மூக்கை முக்கிவிட்டுத் தலையை உதறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவுமில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. "வாங்க," என்றார். காபி கொடுத்தார், பால் இல்லாமல். என் மனைவி பைகளை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பந்தல். காய்கள் தலையில் இடிக்கிற அளவுக்குத் தொங்கின. தரையில் ஒரு குவியல் பறித்துப் போட்டிருந்தது. இதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று என் மனைவி கேட்டாள்.

"வாரத்துல ஒருநா சேலத்துல இருந்து வண்டி வருமுங்க. மார்க்கெட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள்தான் சேலம் மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை சௌசௌ வாங்கி, பஸ்ஸில் வைத்து, மேலே கொண்டு வந்திருந்தேன். அது இந்தப் பந்தலிலிருந்தே இறங்கிப் போன காயாக இருக்கலாம். இறங்கி, இரண்டு நாள் மார்க்கெட்டில் கிடந்து வாடி, என்னோடு திரும்பவும் ஏறி வந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். என்னவென்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதென்னுங்க கூத்து," என்றார்.

அன்றைக்கே பேசி முடித்தோம். செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் காய் வரும். அவர் வைத்தது ஒரே நிபந்தனை. "வெளையறதுதானுங்க வரும். இல்லாதத கேக்கக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துல இருந்தா வாங்கித் தாரன். அங்கயும் இல்லீனா இல்லதான்."

அதன் அர்த்தம் முதல் மாதத்திலேயே புரிந்தது. சௌசௌ கூட்டு, சௌசௌ பொரியல், சௌசௌ தோல் துவையல், சாம்பாரில் சௌசௌ. எங்களிடம் தினமும் மத்தியானம் சாப்பிடுகிற எஸ்டேட் ரைட்டர் ஒருவர் இருந்தார். காபித் தோட்டத்தில் ஆள் வருகை எழுதுகிறவர், தனிக்கட்டை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் இலையைப் பார்த்ததும், "ஏனுங்ணா, எனக்கு ஏதாச்சும் நோவா? பத்தியமா போடறீங்களா?" என்று கேட்டார்.

"மழை விட்டா பீன்ஸ் வருமுங்க."

"அது வாரதுக்குள்ள நான் பந்தல்ல தொங்கீருவன்."

ஆனால் அவர் வேறு கடைக்குப் போகவில்லை. பீன்ஸ் வந்தது. நாங்கள் சேலத்திலிருந்து கொண்டு வந்த பீன்ஸ் நாருரித்தால் ரப்பர் போல வளையும். இது விரலில் பட்டென்று ஒடிந்தது. தாளித்து, தேங்காய் தூவி இறக்கினால் போதும், வேறொன்றும் தேவைப்படவில்லை. மழை விட்ட ஈரத்தில் பண்ணைக்கீரையும் மணத்தக்காளியும் வந்தன. குளிர் வந்ததும் பச்சை மொச்சை. அதை உரிக்க நானும் என் மனைவியும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். வெயில் ஏறுகிற மாதங்களில் பலாப்பிஞ்சு வந்தது. என் மனைவிக்கு அதை வெட்டத் தெரியவில்லை. கையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு அரை நாள் தவித்தாள். மறுமுறை அந்தப் பெண்ணே ஒரு பிஞ்சை வெட்டி, எண்ணெய் தடவிய கத்தியோடு அனுப்பி வைத்தார்; எண்ணெய் இருந்தால் பால் ஒட்டாது. பலாக்கொட்டைக் குழம்பு, ராகிக் களி, சாமைச் சோறு என்று எங்கள் மெஸ்ஸில் புதிதாகச் சில வந்து சேர்ந்தன. கறிவேப்பிலைகூட இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற செடியிலிருந்துதான் பறிக்கிறோம்.

வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். அன்றன்று இருப்பதை மட்டும் அதில் எழுதுவேன். ஒரு மே மாதம், மலை முழுக்கக் கார்கள் நின்ற ஒரு நாள், ஒருவர் குடும்பத்தோடு வந்து பலகையைப் பார்க்காமலே உட்கார்ந்தார். குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் காலிபிளவர் வறுவலும் கேட்டார். இரண்டும் இல்லை என்றேன்.

"ஹோட்டல்னு போர்டு வச்சிட்டு உருளைக்கிழங்கு இல்லைங்கிறீங்க?"

"பலாப்பிஞ்சு பொரியல் இருக்குதுங்க. நல்லாருக்கும்."

"காட்டுல கெடக்கிறதையெல்லாம் சாப்பிடவா நாங்க வந்தோம்?" என்று எழுந்துவிட்டார். குழந்தைகளும் பின்னாலேயே போயின. எனக்கு முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய் என் மனைவியிடம், நாளைக்குச் சேலம் போய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி வரப்போகிறேன் என்றேன். போங்கள் என்றாள். போனேன், வாங்கியும் வந்தேன். அந்த மே முழுக்க உருளைக்கிழங்கு போட்டோம். அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் குறைந்ததும் நிறுத்தினோம். இப்போதும் சீசனில் ஒரு மூட்டை கீழேயிருந்து ஏறிவரத்தான் செய்கிறது.

பாத்திரம் கொண்டு வருவதை முதலில் தொடங்கியவர் அந்த எஸ்டேட் ரைட்டர்தான். ஒரு நாள் உடம்பு சரியில்லை, சாயங்காலத்துக்கு ரசம் வேண்டும் என்று தூக்குப்போசியோடு வந்தார். அது நசுங்கி, மூடி சரியாக மூடாமல் இருந்தது. மறு வாரம் அவரோடு வேலை செய்கிற இரண்டு பேர் போசியோடு வந்தார்கள். பிறகு பள்ளிக்கூட டீச்சர்கள், பேங்க்காரர்கள். உள்ளூர் ஆட்களுக்கு அது பழகிவிட்டது. காரில் வருகிறவர்களில் சிலர் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டி அதில் மோர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றிக் கொடுப்பேன்.

எச்சில் இலைகளையும் காய்த் தோலையும் அதுவரை தொட்டிக்குப் பின்னால் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தோம். காட்டெருமைகள் அதைத் தேடி வர ஆரம்பித்திருந்தன. ஒரு நாள் விடியற்காலையில் பாத்திரம் கழுவப் போன என் மனைவி, தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று நிற்பதைப் பார்த்து அப்படியே பின்னால் நடந்து வந்துவிட்டாள். காய்த் தோல், அரிசி கழுவிய தண்ணீர், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் கன்றுக்குக் கொடுக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். காய் இறக்க வருகிற நாட்களில் இரண்டு பக்கெட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்.

ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சேலையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை பக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவுவார். அடிவரைக்கும். நாங்கள் பார்த்துப் போட்டதுதான் என்று சொன்னால் தலையாட்டிக்கொண்டே துழாவுவார். எனக்கு அது அவமானமாக இருந்தது. நாலைந்து மாதம் ஆகியும் அவர் அதை விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை துழாவிய கை நின்றது. வெளியே எடுத்தபோது இரண்டு விரலுக்கு நடுவில் ஏதோ சின்னதாக இருந்தது. பால் பாக்கெட்டின் மூலை. பாக்கெட்டைத் திறக்க நான் கத்தரிக்கோலால் வெட்டுகிற முக்கோணத் துண்டு, சுண்டு விரல் நகம் அளவு.

"இது எத்தன நாளா விழுகுதுங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தினமும் பத்துப் பாக்கெட் வெட்டுகிறேன். அந்த மூலைகள் எங்கே போகின்றன என்று நான் பார்த்ததே இல்லை. சில நாள் அடுப்பு மேடையில், சில நாள் தொட்டியில், சில நாள் தோல் குவியலில். இந்த முறை பொய் சொல்லத் தோன்றவில்லை. "தெரியலீங்க. பாக்காம விட்டுட்டன்," என்றேன்.

அவர் பக்கெட்டை எடுக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். காய் மட்டும் இறங்கியது. அடுத்த செவ்வாயும் அப்படியே. இரண்டு வாரம் பக்கெட் போகவில்லை. அந்த இரண்டு வாரமும் தொட்டிக்குப் பக்கத்தில் நானே குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தேன். மலை மண்ணில் கல் அதிகம். உள்ளங்கை கொப்பளித்துப்போனது.

மூலையை முழுதாக வெட்டித் துண்டாக்காமல், பாக்கெட்டோடு ஒட்டியபடியே ஒரு கீறல் மட்டும் போட்டு ஊற்ற முடியும் என்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள். சாதாரண விஷயம். ஆனால் என் கைக்கு அது பழக ஒரு மாதம் ஆனது. காலி பாக்கெட்டுகளைக் கழுவி, கம்பியில் குத்தி மாட்டி, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் மொத்தமாகக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணிடம் போய், பாக்கெட்டை எப்படித் திறக்கிறேன் என்று செய்தே காட்டினேன். மெஸ் நடத்துகிற ஒரு ஆள் பால் பாக்கெட்டைக் கீறிக் காட்டுவதை ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர் வாங்கிப் பார்த்தார். "செரிங்க," என்றார். துழாவிப் பார்த்துவிட்டுப் பக்கெட்டை ஏற்றிக்கொண்டார்.

கன்று வளர்ந்து, போன வருஷம் ஈன்றது. அதற்குப் பிறந்தது ஒரு கிடேரி, பெண் கன்று. வீட்டுக்குப் போக மீதிப் பாலை எங்களுக்குக் கொடுக்கிறார். காபிக்கு மட்டும் போதும். மற்றதுக்குப் பாக்கெட்தான். செம்மநத்தம் வளைவில் கார்கள் இன்னும் நிற்கின்றன. பைகளும் கிடக்கின்றன, முன்னைவிடக் குறைவாக. அவர் மாட்டை ரோட்டோரம் கட்டுவதை விட்டுவிட்டார். புல்லை அறுத்து வந்துதான் போடுகிறார்.

இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டதே இல்லை. காபி கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். போன ஐப்பசியில் ஒரு நாள் மரம் விழுந்து ஜீப் நின்றுவிட்டது. பெருமழை. மத்தியானம் ஆகிவிட்டது. என் மனைவி, "அக்கா, எல போட்டுட்டன், உக்காருங்க," என்றாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ரைட்டர் உட்கார்ந்திருந்த மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். சாமைச் சோறு, சாம்பார், அவர் காலையில் இறக்கிய சௌசௌவில் ஒரு கூட்டு. நான் பரிமாறிவிட்டுத் தள்ளி நின்றேன். ரைட்டர்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எளங்காய இத்தன நேரம் வேக வெக்கக்கூடாது. கொழஞ்சுபோச்சு பாரு. ஒரு கொதி வந்தா எறக்கிப்போடோணும்."

"நானும் இத நொம்ப நாளா சொல்லோணும்னு இருந்தனுங்க," என்றார் ரைட்டர்.

என் மனைவிக்குச் சுருக்கென்றது. சமையலில் குறை சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. உள்ளே போனாள். மறுநாள் ஒரே கொதியில் இறக்கினாள். காய் பச்சை நிறம் மாறாமல், கடித்தால் லேசாக நறுக்கென்று இருந்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான்.